வெள்ளைபடுதல்: எது இயல்பு, எது நோய்?

மாதர் சுகாதாரப் பாடம்

பெண்கள் தங்களுக்குள்ளேயே தாழ்ந்த குரலில் மட்டும் பேசிக்கொள்ளும் விஷயம் ஒன்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். வெள்ளைபடுதல் என்றும், வெட்டை என்றும், உடற்சூடு என்றும் ஊருக்கு ஊர் பல பெயர்களால் வழங்கும் இத்தொல்லையை மகள் தாயிடம் சொல்லத் தயங்குகிறாள். மருமகள் மாமியாரிடம் மறைக்கிறாள். மனைவி கணவனிடம் சொல்லக் கூசுகிறாள். கூட்டுறவுச் சங்கத்தின் பத்திரிகையில் இதற்கு இடம் எதற்கு என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். தார் சுற்றுபவரும், பாவுக்குக் கஞ்சியிட உதவுபவரும், நாற்று நடுபவரும், களை பறிப்பவரும் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் வேதனையோடு வேலை செய்வது சங்கத்தின் காரியமல்ல என்று ஒருவரும் சொல்ல முடியாது. சகோதரர்களும் இப்பாடத்தைப் படிக்க வேண்டும்; காரணம் பின்னால் விளங்கும்.

மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பங் அம்மையாரும் அவருடன் உழைத்தவர்களும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, அதன் முடிவை 1989ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். பெண்ணுறுப்பு சம்பந்தமான கோளாறு ஏதேனும் இருப்பதாகத் தாமாகச் சொன்னவர்கள் 55 சதவிகிதம். பரிசோதனையில் ஒன்றோ பலவோ கோளாறு காணப்பட்டவர்கள் 92 சதவிகிதம். அதற்கு முன் எப்போதாவது இதற்கென்று ஒரு டாக்டரிடம் பரிசோதித்துக்கொண்டவர்களோ 8 சதவிகிதம் மட்டுமே. வெளியே தெரியாமல் உடலுக்குள் அடங்கிக் கிடந்த நோய் ஒரு பங்கு, வாய் திறந்து சொல்லாத நோய் ஒரு பங்கு.

இதற்கு எதிர்ப்புறமும் ஒன்று உண்டு. கோவாவில் டாக்டர் விக்ரம் படேல் முதலியோர் நடத்தி 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைபடுகிறது என்று முறையிட்ட பெண்கள் பலரிடம் கிருமி ஏதும் அகப்படவில்லை. அம்முறையீட்டோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தவை மனக்கவலையும் வாழ்க்கைத் தொல்லைகளுமே. ஆகவே, வெள்ளை காண்பதெல்லாம் நோயல்ல. நோயாக உள்ளதெல்லாம் ஒரே நோயுமல்ல. இவ்விரண்டையும் பிரித்தறியாமையினால் தேவையற்ற மருந்து உண்டு அவதிப்படும் பெண்கள் ஒருபுறம், வேண்டிய மருந்து கிடைக்காமல் அவதிப்படும் பெண்கள் மறுபுறம்.

முதலில் இயல்பானது எது என்று பார்ப்போம். பருவமடைந்த நாள் முதல் மாதவிலக்கு அடியோடு நிற்கும் வயது வரையில் எல்லாப் பெண்களுக்கும் யோனியில் ஒருவகை நீர் சுரந்துகொண்டே இருக்கும். கருப்பை வாயிலிருந்து வரும் கசிவும், உட்தோலிலிருந்து நாள்தோறும் உதிரும் மெல்லிய செதில்களும் கலந்த நீர் அது. நாளொன்றுக்கு ஒன்று முதல் நான்கு மில்லி லிட்டர் வரையில் இருக்கலாம். நிறமற்றதாகவோ பால் வெண்மையாகவோ இருக்கும். துணியில் பட்டு உலர்ந்தால் இலேசான மஞ்சள் கறை படியும். அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை, துர்நாற்றம் இல்லை. மாதவிலக்குக்கும் அடுத்த மாதவிலக்குக்கும் நடுவிலுள்ள சில நாட்களில், கருமுட்டை வெளிப்படும் சமயத்தில், இந்த நீர் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து, விரலிடையில் இழுத்தால் நூலாக நீளும். கர்ப்பிணிகளுக்கு இது அதிகமாகும். இவையெல்லாம் உடல் செவ்வனே வேலை செய்வதன் அடையாளங்கள்.

நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு பயத்தை இங்கேயே களைந்துவிட வேண்டும். எலும்பு உருகி வெள்ளையாக வெளியேறுகிறது, அதனால்தான் இடுப்பு வலியும் கைகால் அசதியும் என்று நம்புவோர் இன்றும் பலர். எலும்புக்கும் இந்த நீருக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. எலும்பு உருகவும் மாட்டாது, உருகி இவ்வழியே வரவும் மாட்டாது. அசதி பொய்யென்று நாம் சொல்லவில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவிகிதத்துக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. பகல் முழுவதும் தறியடியிலோ வயலிலோ உழைத்து, எல்லோரும் உண்ட பின் மிச்சத்தை உண்ணும் பெண்ணுக்கு அசதி வராமல் வேறென்ன வரும்? அந்த அசதிக்கு இரத்தப் பரிசோதனையும், இரும்புச்சத்து மாத்திரையும், வயிறு நிறைந்த உணவும், சற்று ஓய்வும் வேண்டும். வெள்ளையை நிறுத்தும் மருந்தென்று விளம்பரமாகும் லேகியத்தினால் அது தீராது.

இனி, யோனியின் இயற்கைக் காவலைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். பாலில் உறைமோர் ஊற்றினால் தயிராவது எல்லோரும் அறிந்ததே. உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையை உண்டு புளிப்பை உண்டாக்குகின்றன; அந்தப் புளிப்பு இருக்கும் வரையில் வேறு கிருமிகள் எளிதில் அதில் பெருகுவதில்லை. அதே இனத்தைச் சேர்ந்த லாக்டோபாசில்லஸ் என்னும் நுண்ணுயிர்கள் பெண்ணின் யோனியிலும் குடியிருக்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892ஆம் ஆண்டில் இவற்றை விவரித்தார். உட்தோலில் சேமிக்கப்பட்டிருக்கும் மாவுப்பொருளிலிருந்து இவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமில அளவைக் குறிக்கும் கணக்கில் 7 என்பது புளிப்புமில்லாத காரமுமில்லாத நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகுதி. ஆரோக்கியமான யோனியில் இவ்வெண் 3.8 முதல் 4.5 வரை. ஏறக்குறைய தயிரின் புளிப்பு என்று கொள்ளலாம்.

தயிரை உதாரணம் காட்டியதனால் தயிரை உள்ளே தடவலாம் என்று யாரும் கருதிவிட வேண்டாம். தயிரிலுள்ள வகை வேறு, யோனியில் நிலைத்து வாழும் வகை வேறு. தயிரைச் சோற்றில் பிசைந்து உண்ணுங்கள். அதற்குமேல் அதற்கு வேலை இல்லை.

விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கு இதை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். பயிர் அடர்ந்து வளர்ந்த வயலில் களைக்கு வெளிச்சமில்லை. பயிர் சோர்ந்தால் களை தலைதூக்கும். நல்ல நுண்ணுயிர் குறைந்த இடத்தில் மூன்று வகையான தொல்லைகள் வருகின்றன. இம்மூன்றுக்கும் மக்கள் ஒரே பெயரைச் சொல்லுகிறார்கள். மருந்தோ ஒன்றுக்கு ஒன்று வேறு.

முதலாவது, பூஞ்சைக் காளான். காண்டிடா என்று இதற்குப் பெயர். பெண்களில் நான்கில் மூவருக்கு ஆயுளில் ஒருமுறையேனும் இது வருவதாகக் கணக்கிடுகிறார்கள். இதன் தலையாய அடையாளம் பொறுக்க முடியாத அரிப்பு. திரிந்த பால் போன்ற, கட்டிகட்டியான வெள்ளை, வாடை இராது. வெளியுறுப்பு சிவந்து வீங்கும், சிறுநீர் அதன்மேல் படும்போது எரியும். இந்தக் காளான் சிறிதளவில் பல பெண்களின் உடலில் எப்போதும் இருப்பதுதான். சமயம் வாய்க்கும்போது பெருகுகிறது. சமயம் வாய்ப்பது எப்படி? கர்ப்ப காலத்தில்; நீரிழிவு கட்டுக்கடங்காமல் இருக்கும்போது; கிருமிக்கொல்லி மருந்துகளை உண்டபின். கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கி விழுங்கும் காப்ஸ்யூல்கள் பல, யோனியிலுள்ள நல்ல நுண்ணுயிரையும் சேர்த்துக் கொன்றுவிடுகின்றன. காளானை அவை தொடுவதேயில்லை. பயிர் செத்தது, களை தப்பியது. ஒருத்திக்கு இந்த அரிப்பு ஒரே வருஷத்தில் மூன்று நான்கு முறை வந்தால் இரத்தத்தில் சர்க்கரையைப் பரிசோதிப்பது அவசியம். தமக்கு நீரிழிவு இருப்பதை இந்த அரிப்பின் மூலமாகவே முதன்முதலில் அறிந்துகொள்ளும் பெண்கள் உண்டு.

இந்தக் காளானுக்கு மருந்து கிடைத்த வரலாறு நம் அங்கத்தினர் அறிந்துகொள்ளத் தக்கது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலச் சுகாதார இலாகாவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் இருந்தனர். ஒருவர் நியூயார்க் நகரில். மற்றவர் வெகுதூரத்தில் உள்ள ஆல்பனியில். பல இடங்களிலிருந்து வரவழைத்த மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஹேசன் வளர்த்து, ஜாடிகளில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அவற்றிலிருந்து சத்தைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். கடைசியில், வர்ஜீனியாவில் ஒரு நண்பரின் பால்பண்ணையில் ஹேசன் எடுத்த மண்ணில் காளானைக் கொன்று மனிதருக்குத் தீங்கு செய்யாத பொருள் அகப்பட்டது. 1950ஆம் ஆண்டில் அதை உலகுக்கு அறிவித்து, தங்கள் மாநிலத்தின் பெயரால் நிஸ்டாட்டின் என்று பெயரிட்டனர். அதன் காப்புரிமையினால் பிற்காலத்தில் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல் வந்தது. இருவரும் தமக்கென்று அதில் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் அனைத்தையும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள். இன்று குளோட்ரிமசோல் என்னும் உள்ளே வைக்கும் மாத்திரையும் புளுகோனசோல் என்னும் விழுங்கும் மாத்திரையும் அதிகமாக வழங்குகின்றன. விழுங்கும் மாத்திரை கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தாலும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வகையில் புதிதாக ஒரு பகைக்கிருமி படையெடுத்து வந்தது என்று சொல்வதைவிட, உள்ளூர்ச் சமநிலை குலைந்தது என்பதே பொருத்தம். நல்ல நுண்ணுயிர் குறைந்து, காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு பல நுண்ணுயிர்கள் கூட்டமாகப் பெருகிவிடுகின்றன. பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று மருத்துவர்கள் அழைப்பது இதைத்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கார்ட்னர், டியூக்ஸ் என்ற இருவர் 1955ஆம் ஆண்டில் இதை விவரித்து எழுதினர். அக்கூட்டத்தின் முக்கியமான நுண்ணுயிர் இன்று கார்ட்னரின் பெயரையே தாங்கி நிற்கிறது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களிடையே உலகெங்கும் காணும் யோனித் தொல்லைகளில் இதுவே மிகுதி. அரிப்பு பெரும்பாலும் இராது. சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் நீர்த்த கசிவு. மீன் கவிச்சு போன்ற வாடை. கணவனோடு கூடிய பின்பும் மாதவிலக்கின் போதும் அந்த வாடை மிகும். விந்தும் இரத்தமும் யோனியின் புளிப்பைக் குறைத்துவிடுவதே காரணம். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எந்த அடையாளமும் தெரிவதில்லை. இதனால் உயிருக்கு உடனே ஆபத்தில்லை என்றாலும் அலட்சியம் கூடாது. கர்ப்ப காலத்தில் இது இருந்தால் குறைமாதப் பிரசவம் நேரும் வாய்ப்பு அதிகம், எச்.ஐ.வி. கிருமி தொற்றுவதற்கும் இது வழியை எளிதாக்குகிறது.

இந்த வாடையைப் போக்க வேண்டும் என்றே பெண்கள் செய்யும் காரியம் நோயை வளர்க்கிறது என்பது வருந்தத்தக்கது. எலுமிச்சைச் சாறு, உப்புநீர், சோடா உப்பு, டெட்டால், வேப்பிலை நீர் ஆகியவற்றை உள்ளே செலுத்திக் கழுவுகிறார்கள். வாசனைச் சோப்பை உள்ளே விடுகிறார்கள். வாடை சில மணி நேரம் அடங்கும். எஞ்சியிருந்த நல்ல நுண்ணுயிரும் அத்தோடு அடித்துக்கொண்டு போய்விடும், நாலாம் நாள் வாடை முன்னைவிட அதிகமாகும், மறுபடியும் கழுவுவார்கள். யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. வெளிப்புறத்தை மட்டும் சுத்தமான தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே தண்ணீர்கூட வேண்டாம்.

மூன்றாவது, டிரைக்கோமோனாஸ் என்னும் ஓரணு உயிர். பாரிஸ் நகரில் ஆல்பிரட் டோனே என்பவர் 1836ஆம் ஆண்டிலேயே இதை நுண்பெருக்கிக் கண்ணாடியில் கண்டார். சாட்டை போன்ற இழைகளைச் சுழற்றிக்கொண்டு இது நீந்துவதைப் புதிதாக எடுத்த கசிவில் இன்றும் பார்க்கலாம். மஞ்சள் அல்லது பச்சை கலந்த, சில சமயம் நுரைத்த கசிவு. துர்நாற்றம், அரிப்பு, நீர்க்கடுப்பு, கூடும்போது வலி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் புதிதாக 15 கோடியே 60 லட்சம் பேருக்கு இது தொற்றியிருக்கிறது. இது உடலுறவினால் தொற்றுவது. ஆண்களிடம் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாமலே ஒளிந்திருக்கும்.

சகோதரர்களும் படிக்க வேண்டும் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். மனைவி மட்டும் மருந்துண்டு குணமாகி, கணவன் மருந்துண்ணாவிட்டால் சில வாரங்களில் நோய் அவளிடமே திரும்பும். அப்போது மருந்து சரியில்லை என்பார்கள், அல்லது அவளுடைய உடல்வாகு அப்படி என்பார்கள், இரண்டும் தவறு. கணவன் மனைவி இருவரும் ஒரே காலத்தில் மருந்துண்ண வேண்டும். இருவருக்கும் குணமாகும் வரையில் கூடாதிருக்க வேண்டும். தமக்கு ஒரு தொல்லையுமில்லையே, நாம் ஏன் மருந்துண்ண வேண்டும் என்று கேட்கும் ஆடவர்க்கு, தொல்லை தெரியாமலே கிருமி இருக்கும் என்பதே பதில். யார் யாருக்குக் கொடுத்தது என்ற விசாரணை வேண்டாம். இந்தக் கிருமி அடையாளம் காட்டாமல் பல மாதங்கள், சில சமயம் வருஷங்கள்கூட உடலில் தங்கும். அதைக் கொண்டு யாருடைய நடத்தையையும் அளக்க முடியாது. இதைக் காரணமாக வைத்துப் பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பும் கொடுமை எங்கேனும் நேருமானால் பெரியவர்கள் தலையிட்டுத் தடுக்க வேண்டும்.

இரண்டாவதாகச் சொன்ன சமநிலைக் குலைவிலும் கணவனுக்குப் பங்குண்டு என்பது அண்மையில் தெரியவந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 164 தம்பதிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2025ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மனைவி மட்டும் மருந்துண்டவர்களில் 63 சதவிகிதத்தினருக்குப் பன்னிரண்டு வாரங்களுக்குள் நோய் திரும்பியது. கணவனும் மாத்திரை உண்டு, உறுப்பில் களிம்பும் பூசிக்கொண்டவர்களில் 35 சதவிகிதத்தினருக்கே திரும்பியது. திரும்பத் திரும்ப வரும் பெண்கள் இச்செய்தியை டாக்டரிடம் கேட்டு ஆலோசிக்கலாம்.

டிரைக்கோமோனாசுக்கு மெட்ரோனிடசோல் என்னும் மாத்திரை 1960ஆம் ஆண்டை ஒட்டி வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் நிச்சயமாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. சமநிலைக் குலைவுக்கும் இம்மாத்திரை பயன்படுகிறது. காளானுக்கு இது பயனில்லை. காளானுக்கு உரிய மருந்தோ மற்ற இரண்டையும் தீண்டாது. அரிப்புக்காரிக்குக் கொடுத்த மாத்திரையை அவள் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுப்பதும், மருந்துக்கடைக்காரரிடம் வெட்கத்தோடு பாதி சொல்லிப் பாதி விழுங்கி எதையோ வாங்கி வருவதும் ஏன் பலிப்பதில்லை என்பது இப்போது விளங்கும். ஏழு நாளைக்குக் கொடுத்த மாத்திரையை மூன்றாம் நாள் வாடை நின்றதும் நிறுத்திவிடுவது மற்றொரு தவறு.

மேலே சொன்ன அடையாளங்களைப் படித்துவிட்டுத் தாமே நோயைத் தீர்மானித்துவிடலாம் என்று எண்ணவும் கூடாது. இரண்டு நோய் ஒருத்திக்கே ஒரே சமயத்தில் இருப்பதுண்டு. பழகிய டாக்டரும் கண்ணால் பார்த்து ஏமாறுவதுண்டு. பரிசோதனை மிக எளியது. சிறிது கசிவைப் பஞ்சில் எடுத்து, அமில அளவு காட்டும் தாளில் தொட்டு நிறம் பார்ப்பார்கள். ஒரு துளியை உப்புநீரிலும், மற்றொரு துளியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிலும் கலந்து, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்பெருக்கியில் நோக்குவார்கள். சில நிமிஷங்களில் முடிந்துவிடும். நுண்பெருக்கி இல்லாத இடத்தில் அடையாளங்களை வைத்தே ஒன்றுக்கு மேற்பட்ட நோய்க்குச் சேர்த்து மருந்து கொடுக்கும் முறையும் அரசாங்க மருத்துவமனைகளில் உண்டு. அது குறைபாடுள்ள முறையே எனினும், ஒன்றும் செய்யாதிருப்பதைவிட மேல்.

பரிசோதனைக்குப் பயந்தே பலர் போவதில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் நீங்கும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொல்வார்கள். ஸ்பெகுலம் என்னும் சிறு கருவியால் யோனியை மெல்ல விரித்துக் கருப்பை வாயைப் பார்ப்பார்கள். இறுக்கமாக இருக்கும், உடலைத் தளர்த்தி மெதுவாக மூச்சுவிட்டால் வலி அதிகம் தெரியாது. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். உடன்வந்த தாயோ சகோதரியோ பக்கத்தில் இருக்கட்டும் என்றும் கேட்கலாம். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். மணமாகாத பெண்ணுக்குக் கருவி வைக்காமலே, வெளிப்புறம் பார்த்துப் பஞ்சினால் கசிவு எடுத்துச் சோதிப்பது வழக்கம். எனவே அவர்களும் தயங்க வேண்டியதில்லை.

தொழிலை ஒட்டிச் சில வார்த்தைகள். நடவிலும் களையெடுப்பிலும் இடுப்புவரை நனைந்த துணியோடு நாள் முழுதும் நிற்பதும், காற்றுப்புகாத நைலான் உள்ளாடை அணிவதும் ஈரத்தையும் வெப்பத்தையும் தேக்கிக் காளானுக்கு உதவுகின்றன. கரையேறியதும் உலர்ந்த துணி மாற்றிக்கொள்ள வேண்டும்; உள்ளாடை பருத்தியாக இருப்பது நல்லது. நெசவாளரான நமக்குப் பருத்தியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. குழித்தறியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது சிரமம் என்று காலை முதல் தண்ணீர் குடிக்காமலும், வந்த சிறுநீரை அடக்கியும் வேலை செய்கிறவர்கள் பலர். அதனால் வருவது நீர்த்தாரை நோய். அது வேறு, வெள்ளைபடுதல் வேறு. எரிச்சல் இரண்டிலும் இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுகிறார்கள். உள்ளே எரிந்து, அடிக்கடி சொட்டுச்சொட்டாகப் போனால் நீர்த்தாரையிலும், வெளியே சிறுநீர் படுமிடத்தில் எரிந்தால் யோனிப் புறத்திலும் கோளாறு இருப்பது பெரும்பான்மை. பெண்கள் வேலை செய்யும் பொதுத் தறிக்கூடங்களில் கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பிடம் இல்லையென்றால், எங்கள் அபிப்பிராயத்தில் அது கட்டட வேலை முடிந்த கூடமே அல்ல.

மாதவிலக்குத் துணியைப் பற்றி ஒடிசாவில் 486 பெண்களிடம் நடத்தி 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், துவைத்துத் திரும்ப உபயோகிக்கும் துணி கொண்டவர்களிடம் சமநிலைக் குலைவோ நீர்த்தாரை நோயோ அதிகமாகக் காணப்பட்டது. இதைக் கண்டு துணியே ஆகாது என்று முடிவுகட்ட வேண்டாம். கூச்சத்தினால் அதை மற்றத் துணிகளுக்கு அடியில், இருட்டறையில், கழிப்பிடத்து மூலையில் ஈரமாக ஒளித்து வைப்பதே பெருங்கேடு. சோப்பிட்டு அலசி, நல்ல வெயிலில் முறுகக் காயவைத்து, உலர்ந்த இடத்தில் வைத்த பருத்தித்துணி நல்லதே. வெயிலில் ஒரு துணி காய்வதைக் கண்டு ஆண்கள் முகம் சுளிக்காதிருந்தால் பெண்கள் ஒளிக்கவும் மாட்டார்கள்.

மேற்கூறிய மூன்றுக்கும் அப்பாற்பட்ட சில அடையாளங்கள் உண்டு; அவை கண்டால் காத்திருக்கலாகாது. அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் கிருமி கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறியிருக்கலாம்; காலதாமதம் மலட்டுத்தன்மையில் கொண்டுவிடும். கர்ப்பிணிக்குத் தெளிந்த நீர் திடீரென்று ஒழுகினால் பனிக்குடம் உடைந்திருக்கக்கூடும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பருவமடையாத சிறுமிக்குத் துர்நாற்றமோ இரத்தமோ கலந்த கசிவு கண்டால் தவறாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். கீரைப்பூச்சியாக இருக்கலாம், உள்ளே ஏதேனும் பொருள் சிக்கியிருக்கலாம், யாரேனும் குழந்தைக்குத் தீங்கிழைத்திருக்கவும் கூடும். குழந்தையை அதட்டாமல், அது சொல்வதைக் கேட்க வேண்டும்.

கூடிய பின் இரத்தம் காண்பதும், இரண்டு மாதவிலக்குக்கு இடையில் இரத்தம் கலந்து வெள்ளைபடுவதும், மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்குப் பின் மறுபடி கறை காண்பதும் கருப்பை வாய்ப் புற்றுநோயின் அடையாளங்களாக இருக்கலாம். எல்லாம் புற்றுநோய் அல்ல; மாதவிலக்கு நின்ற பெண்களுக்குச் சுரப்பு குறைந்து தோல் வறண்டு எரிச்சலும் கறையும் உண்டாவது சாதாரணம், அதற்கும் மருந்துண்டு. எது என்று பார்த்தால்தான் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி 30 முதல் 59 வயதுவரை உள்ள சுமார் 31,000 பெண்களுக்கு ஓர் எளிய பரிசோதனை செய்தார்கள். நீர்த்த அசிடிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்று நர்சுகள் கண்ணால் பார்த்தார்கள். பட்டுக்குச் சாயமேற்றும் பட்டறையில் நாம் கையாளும் அமிலம்தான் அது; ஆனால் அதை எந்த அளவில் எப்படித் தடவுவது என்பது பயிற்சி பெற்றவர்க்கே தெரியும், வீட்டில் யாரும் முயலக்கூடாது. 2007ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் மற்ற ஊர்களைவிட இப்புற்றுநோய் 25 சதவிகிதமும், அதனால் நேரும் மரணம் 35 சதவிகிதமும் குறைந்தன. முப்பது வயது கடந்த பெண்கள் தொல்லை ஏதுமில்லாதபோதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

டாக்டரிடம் போகும்போது கீழ்க்கண்டவற்றை யோசித்து வைத்துக்கொண்டு போனால் வெட்கத்தில் மறந்துபோகாது. எத்தனை நாளாக இருக்கிறது, நிறம் என்ன, வாடை உண்டா, அரிப்பு உண்டா, கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி, கர்ப்பமாக இருக்கக்கூடுமா, சமீபத்தில் வேறு எந்த மருந்து உண்டது, குடும்பத்தில் நீரிழிவு உண்டா, கணவருக்கு நீர்க்கடுப்போ புண்ணோ உண்டா. முந்தின நாளிலிருந்து உள்ளே எதையும் வைக்கவோ கழுவவோ வேண்டாம். கழுவிவிட்டுப் போனால் சோதிக்கக் கசிவு இராது. டிரைக்கோமோனாஸ் என்று சொன்னால் கணவருக்கும் சீட்டு எழுதித்தரக் கேட்டு வாங்க வேண்டும். தொல்லை அடியோடு நீங்கிவிட்டதாகத் தோன்றினாலும் மூன்று மாதம் கழித்து மற்றொருமுறை போய்ச் சோதித்துக்கொள்ள வேண்டும்.